ட்ரூடியின் பாலில் மருந்து

காலை மணி 9.10. எட்டுப் பண்ணைகளின் பாலைச் சுமந்துகொண்டு டேங்கர் லாரி சீஸ் ஆலையின் பின்வாசலில் வந்து நின்றது. 9.40 ஆகும்போது அந்தப் பால் முழுக்கக் கழிவாகிவிட்டது.

ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும் என்பார்கள். இங்கே குடத்துக்குப் பதில் லாரி, விஷத்துக்குப் பதில் பெனிசிலின். மாட்டுக்கு மடிநோய் வந்தால் காம்பில் ஏற்றுகிற மருந்து அது. பாலில் கலந்தால் சட்டம் அதை விஷமாகத்தான் பார்க்கும். ஆய்வுக்கூடத்தில் இருந்த மாய் சியாங் ஒரு முறைக்கு மூன்று முறை சோதித்துப் பார்த்தாள். மூன்று முறையும் சோதனைப் பட்டை நிறம் மாறியது. பிறகு ஓட்டுநர் ரோலி டூஃபெக்கின் ஐஸ்பெட்டியைத் திறந்தாள்.

லாரியில் எல்லார் பாலும் கலந்துவிடும் என்பதால், ஒவ்வொரு பண்ணையிலும் தொட்டியிலிருந்து ஒரு சின்னக் குப்பியில் பால் பிடித்து, மூடியில் பண்ணை எண்ணை ஒட்டி, ஐஸில் வைத்துக் கொண்டுவருவது வழக்கம். மாய் எப்போதும்போல முதலில் பெட்டியின் மூலையில் தனியாக நின்ற குப்பியில் தெர்மாமீட்டரைச் செருகி, குளிர் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டாள். அப்புறம் வரிசையில் இருந்த எட்டையும் ஒரே நேரத்தில் சோதித்தாள். ஏழு சுத்தம். ஒன்றில் மட்டும் மருந்து. அதன் மூடியில் இருந்த எண் ஒன்று. ட்ரூடி பிராண்டலின் பண்ணை.

மணி 10.05-க்கு மாநில அரசின் பால் இன்ஸ்பெக்டர் மார்லிஸ் குவாமி வந்து சேர்ந்தபோது, ஆலை மேலாளர் கையில் ஒரு பட்டியலோடு நின்றிருந்தார். பால் சந்தை படுத்துக் கிடக்கிறது. நவம்பர் முதல் தேதியிலிருந்து இந்த வழியில் எட்டுப் பண்ணைகள் வேண்டாம், ஆறு போதும் என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டதாம். இந்த வருஷப் பதிவுத் தாளில் குற்றக்குறி உள்ளவர்கள் முதலில் கழிவார்கள். இன்று மாலை நான்கு மணிக்குப் பட்டியல் போயாக வேண்டும்.

"நாலு மணிக்குள்ள வேற ஏதாவது சொல்ல முடியும்னா சொல்லுங்க," என்றார் அவர். "இல்லேன்னா ட்ரூடி பேரை அடிச்சுடுவேன்."

அடித்தால் அவ்வளவுதான். இந்த மாவட்டத்தில் பால் எடுக்க வேறு ஆலை கிடையாது. நாற்பத்தொரு ஜெர்சி மாடுகளும் ஏலத்துக்குப் போகும்.

மார்லிஸுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இருபத்தேழு வருஷமாகப் பால் அறைகளுக்குள் மூக்கை நுழைத்து, ஊர் முழுக்க வசவு வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். யார் தொட்டியில் பாசி பிடித்திருக்கும், யார் மருந்துப் புத்தகத்தில் பொய் எழுதுவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தவறு செய்யக்கூடியவர்கள் என்று அவளிடம் ஒரு வரிசையே இருந்தது. அதில் ட்ரூடி கடைசி ஆள்.

*

மணி 10.45. ட்ரூடியின் சமையலறை.

ட்ரூடி அழவில்லை. காபியை ஊற்றி, குளிர்பெட்டியிலிருந்து கண்ணாடி ஜாடியை எடுத்துப் பால் விட்டு, மார்லிஸின் பக்கம் தள்ளினாள். காபியின் மேல் ஜெர்சிப் பாலின் மஞ்சள் ஏடு மிதந்தது. இந்த வீட்டுக் காபிக்கென்றே ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் உண்டு. மார்லிஸும் அதில் ஒருத்தி என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

"கடைசியா எந்த மாட்டுக்கு மருந்து போட்டே?"

"போன மாசம் மூணாம் தேதி. கரும்பலகையில இருக்கு."

"இப்ப எந்த மாட்டு காலுலயாவது செவப்புப் பட்டை இருக்கா?"

"இல்ல. நீங்களே போய்ப் பாருங்க."

மருந்து போட்ட மாட்டின் பின்னங்காலில் சிவப்புப் பட்டை கட்டுவது ஊர் வழக்கம். குனிந்து கறக்கும்போது முதலில் கண்ணில் படுவது கால்தான். பட்டையைக் கண்டால் அந்தப் பாலைத் தனியாகக் கறந்து கொட்டிவிடுவார்கள். மார்லிஸ் நாற்பத்தொரு மாட்டின் காலையும் பார்த்துவிட்டு வந்தாள். ஒன்றிலும் பட்டை இல்லை. மருந்து அலமாரியில் இருந்ததும் புத்தகத்தில் இருந்ததும் ஒத்துப்போனது. தொட்டியோ பால் போனதும் கழுவிக் காய்ந்து கிடந்தது. அதில் இனி என்ன தெரியப்போகிறது?

"இந்த ஜாடிப் பால் எப்ப எடுத்தது?" என்று கேட்டாள்.

"இன்னிக்குக் காலைல, தொட்டியிலேர்ந்து. ஆறு அஞ்சு இருக்கும். ரோலி ஆறு இருபதுக்கு வந்தான்."

மார்லிஸ் தன் பையிலிருந்த சோதனைப் பட்டையை எடுத்தாள். எட்டு நிமிஷம் காத்திருந்தார்கள். நிறம் மாறவில்லை. ஜாடிப் பால் சுத்தம்.

அதைப் பார்த்து ட்ரூடியின் முகம் மலர்ந்தது. மார்லிஸின் முகம் மலரவில்லை. ஆறு ஐந்துக்குத் தொட்டி சுத்தம்; ஆறு இருபதுக்கு வந்த ரோலி எடுத்த குப்பியில் மருந்து. நடுவே பதினைந்து நிமிஷம். அப்போது பால் அறையில் யார் இருந்தார்கள் என்று கேட்டாள்.

"நான்தான். வாளி கழுவிட்டிருந்தேன். எங்க வீட்டுக்காரர் கோர்டி அஞ்சு மணிக்கே ரோடு வேலைக்குப் போயிட்டாரு. வேற யாரும் வரல." சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பதில் தன் கழுத்தையே நெரிக்கிறது என்பது ட்ரூடிக்கு உறைத்தது. "மார்லிஸ், என் பாலுல நானே மருந்தை ஊத்திப்பேனா?"

பூட்டிய அறைக்குள் கொலை நடந்த மாதிரி இருந்தது நிலைமை. உள்ளே இருந்தது பாதிக்கப்பட்டவள் ஒருத்திதான். அவளை விட்டால் ரோலி. ரோலி எதற்குச் செய்யப்போகிறான்? போன குளிர்காலத்தில் வாசல் பனியைத் தள்ளி வைக்கவில்லை என்று அவனுக்கும் ட்ரூடிக்கும் ஒரு வாய்ச்சண்டை நடந்தது உண்மைதான். அதற்காக ஒரு லாரிப் பாலை நாசமாக்குவானா?

மணி 11.20-க்குக் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார் ஹார்லன் ஜாஸ்ட்ரோ. மேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர், வயது அறுபத்தாறு. கறுப்பும் வெள்ளையுமாக ஐம்பத்திரண்டு ஹோல்ஸ்டீன் மாடுகள் வைத்திருப்பவர். ஒரு தட்டில் பன்றியிறைச்சி சாண்ட்விச் கொண்டுவந்திருந்தார். இந்த ஊரில் சாவென்றாலும் சரி, ஆலை கைவிட்டாலும் சரி, முதலில் சாண்ட்விச்தான் வரும்.

"கேள்விப்பட்டேன் ட்ரூடி. மனசைத் தளர விடாதே. யாருக்கும் நடக்கறதுதான். ஒரு மாட்டுப் பாலு தெரியாம சேந்துடும், அவ்வளவுதான்." பிறகு மார்லிஸைப் பார்த்து, "என்ன இன்ஸ்பெக்டரம்மா, பெரிய பண்ணைக்காரன் வீட்டு வாசலுக்குப் போக உங்க கார் மக்கர் பண்ணுமோ? எப்பவும் சின்னவன் கழுத்துலதான் கத்தி," என்றார்.

மார்லிஸ் இந்தப் பேச்சை ஆயிரம் தடவை கேட்டவள். ஹார்லன் நின்றபடியே சட்டைப் பையிலிருந்து சிவப்பாக எதையோ எடுத்து விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். காலில் கட்டுகிற பட்டை. மாட்டுக்காரன் பையில் அது இல்லாமல் வேறு என்ன இருக்கும் என்று மார்லிஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை. ட்ரூடி அவருக்கும் ஒரு காபி ஊற்றினாள். அவர் குடிக்காமலே போய்விட்டார்.

*

பகல் 1.00. ரோலி தன் வீட்டு வாசலில் லாரிச் சக்கரத்தைச் சும்மா உதைத்துக்கொண்டு நின்றான். கழுவி முடிக்கும்வரை லாரியில் பால் ஏற்றக்கூடாது என்று உத்தரவு.

காலையில் நடந்ததை நிமிஷ வாரியாகச் சொல்லச் சொன்னாள் மார்லிஸ். அவனும் சொன்னான். முதல் நிறுத்தம் ட்ரூடி. பாலைக் கலக்கும் தொட்டித் துடுப்பை ஓடவிட்டு ஐந்து நிமிஷம் காத்திருந்து, கரண்டியால் பால் முகந்து குப்பியில் பிடித்தான். கரண்டியில் மிஞ்சியதை வழக்கம்போலப் பூனைகளுக்கு ஊற்றினான். அப்புறம் வரிசையாக மற்ற பண்ணைகள். எட்டாவதும் கடைசியும் ஹார்லன். அங்கே போனபோது எட்டு ஐந்து.

"குப்பில நம்பர் எங்க ஒட்டுறே?"

ரோலி காதைச் சொறிந்தான். "மூடில, மேடம்."

"பக்கவாட்டுல ஒட்டணும்னுதானே சட்டம்?"

"சட்டம் சொல்றவங்க ஐஸ்தண்ணில கையை விட்டுப் பாத்திருக்காங்களா? பக்கத்துல ஒட்டினா ரெண்டாவது ஊருல உரிஞ்சு வந்துடும். மூடின்னா நனையாது. எல்லா டிரைவரும் அப்படித்தான் பண்றான்."

"பெட்டி எப்பவாவது உன் கண்ணை விட்டு மறைஞ்சுதா?"

"இல்லே." கொஞ்சம் யோசித்தான். "ஹார்லன் வீட்டுல லாரிக்குப் பால் ஏத்துற பம்பு ஓடுறப்போ காபி குடிக்கப் போனேன். அவர் பொண்டாட்டி செத்ததுக்கு அப்புறம் தெனமும் கூப்பிடுவாரு, பாவம். இன்னிக்கு ஊத்தி வெச்சுட்டு, கன்னுக்குட்டிக்குப் பால் வெக்கணும்னு வெளிய போயிட்டாரு. நான் தனியா உக்காந்து குடிச்சேன்."

பம்பு ஓடும்போது ஓட்டுநர் அங்கிருந்து நகரக்கூடாது. அதற்கும் சட்டம் உண்டு. மார்லிஸ் எழுதிக்கொள்ளவில்லை. எழுதி என்ன பிரயோஜனம்? அவள் கணக்குப்படி எல்லாம் நடந்து முடிந்தது ஆறு ஐந்துக்கும் ஆறு இருபதுக்கும் நடுவில். எட்டு மணிக்கு மேட்டுக்கு அந்தப் பக்கம் யார் யாரோடு காபி குடித்தால் என்ன?

காரில் ஏறி உட்கார்ந்தவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. தொட்டியில் மருந்து இல்லை. தொட்டியிலிருந்து வந்த குப்பியில் மருந்து இருக்கிறது. இரண்டும் உண்மை. இரண்டும் சேர்ந்து எப்படி உண்மையாகும்? எங்கேயோ தான் ஒரு முட்டாள்தனமான கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கிறோம் என்று தோன்றியது. எந்தக் கேள்வி என்றுதான் தெரியவில்லை. தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

*

மணி 2.15. ஆலையின் ஆய்வுக்கூடம்.

வேறு போக்கிடம் தெரியாமல்தான் மார்லிஸ் திரும்பி வந்தாள். மாய் சியாங் சோற்றுக் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு, குப்பிகளைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். காலையிலிருந்து அசையாமல் நின்றதில் எல்லாவற்றிலும் ஏடு கட்டியிருந்தது.

மார்லிஸ் ஒன்றாம் எண்ணைக் கையில் எடுத்தாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். மெல்லிய ஏடு, வெள்ளை வெளேர் என்று. கீழே தண்ணீர் மாதிரிப் பால்.

காலையில் குடித்த காபி நினைவுக்கு வந்தது.

"மாய், இது எந்த மாட்டுப் பாலு?"

"ட்ரூடியோடது. மூடில இருக்கே."

"மூடி சொல்றது இருக்கட்டும். பால் என்ன சொல்லுது?"

மாய் குனிந்து பார்த்தாள். நாள் முழுக்கப் பாலோடு கிடந்தாலும் அவள் பார்ப்பது பட்டையின் நிறத்தைத்தான், பாலின் நிறத்தை அல்ல. வெளுத்ததெல்லாம் பால், அதற்கு மேல் அவளுக்கு என்ன?

மார்லிஸின் கண் குப்பி வரிசையில் ஒரு முறை போய், மேஜையின் ஓரத்தில் தனியே நின்ற ஒன்பதாவது குப்பியில் வந்து நின்றது. தெர்மாமீட்டர் இன்னும் அதில் செருகியபடியே இருந்தது.

"அது?"

"அதுல குளிர் பாக்கறதோட சரி. யாரும் சோதிக்க மாட்டோம். அதை யாரு பாலுன்னு நெனைக்கறா?"

"இன்னிக்கு நான் நெனைக்கறேன்," என்றாள் மார்லிஸ். "அதைச் சோதி. அப்படியே எட்டாம் நம்பரையும் வெளிச்சத்துல காட்டு."

எட்டு நிமிஷம் கழித்து மார்லிஸ் ட்ரூடிக்கும் ரோலிக்கும் போன் செய்தாள். இருவரும் உடனே ஹார்லன் வீட்டுக்கு வர வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

*

மணி 3.10. ஹார்லனின் பால் அறை.

நான்கு பேர் நிற்கவே இடம் போதவில்லை. நடுவில் பளபளவென்று காலித் தொட்டி. மார்லிஸ் ஆலையிலிருந்து கொண்டுவந்த மூன்று குப்பிகளை அதன் விளிம்பில் வரிசையாக வைத்தாள். ஹார்லன் அவற்றைப் பார்த்தார். தெர்மாமீட்டர் குப்பியைப் பார்த்ததும் அவர் நெற்றி சுருங்கியது.

"ரோலி, முதல் நிறுத்தத்துல எத்தனை குப்பி பிடிப்பே?"

"ரெண்டு. ஒண்ணு சோதனைக்கு. இன்னொண்ணு தெர்மாமீட்டருக்கு."

"மத்த எடத்துல?"

"ஒண்ணு ஒண்ணுதான்."

மார்லிஸ் முதல் இரண்டு குப்பிகளைத் தொட்டுக் காட்டினாள். தெர்மாமீட்டர் குப்பியும் ஒன்றாம் எண் குப்பியும் ஒரே தொட்டியில், ஒரே கரண்டியில், ஒரே நிமிஷத்தில் பிடித்தவை. ஆனால் ஒன்றில் நெய் மாதிரி மஞ்சள் ஏடு, மருந்து இல்லை. மற்றதில் வெள்ளை ஏடு, மருந்து இருக்கிறது. ஒரே தொட்டியில் இரண்டு மாதிரிப் பால் இருக்குமா? ஆக, ட்ரூடியின் தொட்டியில் யாரும் எதையும் கலக்கவில்லை. அந்தப் பதினைந்து நிமிஷத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியதுதான் தன் தப்பு என்றாள். ஒன்றாம் எண் மூடிக்குக் கீழே இருப்பது ட்ரூடியின் பாலே அல்ல. யாரோ இரண்டு குப்பிகளின் மூடியைக் கழற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பத்து விநாடி வேலை.

பிறகு மூன்றாவது குப்பியைத் தூக்கினாள். மூடியில் எட்டு. உள்ளே மஞ்சள் ஏடு தடிமனாக நின்றது.

"ஹார்லன், உங்க ஹோல்ஸ்டீன் எப்பலேர்ந்து ஜெர்சிப் பால் குடுக்குது?"

ரோலி பதறிப்போய், "மேடம், பெட்டி என்கிட்டதானே இருந்துச்சு. என்னைச் சந்தேகப்படலியா?" என்று கேட்டான்.

"பட்டேன். ஆனா நீ மாத்தியிருந்தா மூலைல இருக்கறதையும் மறக்காம மாத்தியிருப்பே. தெனமும் அதைப் பிடிக்கிறவன் நீ. ஒன்பதாவது குப்பியை மறக்கறவன் யாரு? அதைப் பிடிக்கறதை ஒரு நாளும் பாக்காதவன். கடைசி நிறுத்தத்துலயே காலம் பூராவும் இருந்தவன்." மார்லிஸ் ஹார்லன் பக்கம் திரும்பினாள். "உங்க வீட்டுல ஒரு குப்பிதான் பிடிப்பாங்க. அதனால எல்லார் வீட்டுலயும் ஒண்ணுதான்னு நெனைச்சீங்க. மூலைல நிக்கறது ஆலைச் சாமான்னு விட்டுட்டீங்க. ரோலி காபி குடிக்கிறப்போ கன்னுக்குட்டிகிட்ட போகலே, ஐஸ்பெட்டிகிட்ட வந்தீங்க."

ஹார்லனின் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. சிவப்புப் பட்டை வெளியே வந்தது.

"சாணி வாய்க்கால்ல கெடந்துச்சு," என்றார். "கறந்து முடிச்சப்புறம்தான் பாத்தேன். மாட்டுக் காலுலேர்ந்து எப்ப அவுந்து விழுந்துச்சோ. அதோட பாலு முழுக்கத் தொட்டில கலந்துடுச்சு. ஆறரை மணிக்கு ஆலைக்குப் போன் போட்டேன். முன்னெல்லாம் ஒரு ஆளு எடுப்பான். இப்ப மெஷின் பேசுது, ஒண்ணை அமுத்து, ரெண்டை அமுத்துன்னு. அமுத்தி அமுத்திப் பாத்தேன். லாரி வந்துடுச்சு. அவ்வளவு பாலுல இது கரைஞ்சுடும்னு நெனைச்சேன். கரையலேன்னா என் நம்பர் இருக்கக் கூடாதுன்னு..." ட்ரூடியின் பக்கம் திரும்பினார். "உனக்கு கோர்டி சம்பளம் இருக்கு. நீ எப்படியும் நின்னுடுவே. எனக்கு இதை விட்டா என்ன இருக்கு ட்ரூடி?"

ட்ரூடி அவரைப் பார்த்தாள். கோபம் வரும் என்று மார்லிஸ் காத்திருந்தாள். வந்தது குழப்பம்தான்.

"போன வருஷம் கோர்டி இடுப்பொடிஞ்சு ஆஸ்பத்திரில கெடந்தப்போ, பதினோரு நாள் என் மாட்டைக் கறந்து குடுத்தது நீங்க. இன்னிக்குக் காலைல மூடியை மாத்தினதும் நீங்க. ரெண்டும் ஒரே ஆளுதானா? எனக்கு வெளங்கல ஹார்லன்."

ஹார்லனுக்கும் விளங்கவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

மார்லிஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பால் அறையிலும் அவளே தன் கையால் ஒட்டிய தாள், இங்கேயும் தொட்டிக்கு நேர் மேலே மஞ்சளித்துப்போய் இருந்தது. ஹார்லன் தினமும் இரண்டு வேளை அதன் கீழேதான் நிற்கிறார். கடைசி வரியை அவள் வாய்விட்டுப் படித்தாள்: சந்தேகம் இருந்தால் லாரி வருமுன் அழையுங்கள், பண்ணையிலேயே கொட்டிய பாலுக்குக் குற்றக்குறி கிடையாது. கீழே அவளுடைய எண் இருந்தது. வீட்டு எண்.

"அஞ்சு மணிக்கே நான் எழுந்திருப்பேன். ஒரு போன். நான் வந்து, நாம சேந்து தொட்டியைத் தெறந்து விட்டிருப்போம். உங்க தாளும் சுத்தமா இருந்திருக்கும், ட்ரூடி தாளும் சுத்தமா இருந்திருக்கும். ஏன் கூப்பிடலே?"

"நீங்க அரசாங்கமாச்சே," என்றார் ஹார்லன்.

இருபத்தேழு வருஷத்தில் வாங்கிய எந்த வசவும் மார்லிஸை இப்படிச் சுட்டதில்லை. அவள் வெளியே போய் 3.40-க்கு ஆலை மேலாளரை அழைத்தாள். ஒன்றாம் எண்ணில் குற்றமில்லை, எட்டாம் எண் என்று சொல்லி வைத்தாள். அதைச் சொல்ல ஏழெட்டு வார்த்தைதான் ஆனது.

திரும்பி வந்தபோது ரோலி தன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். தொழுவத்தில் மாடுகள் கத்தத் தொடங்கியிருந்தன. ஆலைப் பட்டியலும் குற்றக்குறியும் அவற்றுக்குத் தெரியாது. மடி கனத்தால் கறக்க வேண்டும். ட்ரூடி கையை நீட்டினாள். ஹார்லன் என்னவென்று புரியாமல் விழித்தார். பிறகு புரிந்துகொண்டு பட்டையை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"எந்த மாடு?" என்று கேட்டாள் ட்ரூடி.

"முப்பத்திநாலு. சன்னலோரத்துல."

அவள் தொழுவத்துக்குள் போனாள். சன்னலோரத்து மாட்டின் பின்னால் குந்தி உட்கார்ந்து, அதன் தொடையைத் தட்டி நிறுத்தி, காலில் பட்டையைச் சுற்றி இறுக்கமாகக் கட்டினாள். அவிழாது என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தன் மாடுகளைக் கறக்க வீட்டுக்குக் கிளம்பினாள்.